கேட் காசு யாருக்குப் போகிறது?

பூந்தமல்லி ஹைரோடு என்று பெயர் வைத்தவர்கள் சென்ட்ரல் பக்கம் நின்றுகொண்டு வைத்திருக்க வேண்டும். பூந்தமல்லிக்காரர்களுக்கு அது சென்ட்ரலுக்குப் போகிற ரோடு. மதுரவாயல், கோயம்பேடு, அரும்பாக்கம், அமைந்தகரை, கீழ்ப்பாக்கம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசியில் ரிப்பன் பில்டிங் வந்துவிடும். அதற்குப் பின்னால் பெரியமேட்டில் இருக்கிறது ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். பழைய ஆட்களுக்கு அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம்.

அந்த ஸ்டேடியத்துக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1956 முதல் 1965 வரை மெட்ராஸில் நடந்த டெஸ்ட் மேட்ச்கள் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை, இங்கேதான் நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இந்த மண்ணில்தான். அந்த உலக சாதனை 2008 வரை, ஐம்பத்திரண்டு வருஷம் நின்றது. பிறகு டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிப் போனது. 1993-ல் நேரு கோப்பை கால்பந்துப் போட்டிக்காக ஸ்டேடியத்தைப் புதிதாகக் கட்டினார்கள். 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் வந்தன. 2014-ல் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. அணி இங்கே குடியேறியது. அபிஷேக் பச்சன், வீட்டா தானி, தோனி மூவரும் உரிமையாளர்கள்.

'குடியேறியது' என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறது. ஸ்டேடியம் கிளப்புடையது இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. கிளப் அங்கே வாடகைக்கு இருக்கிறது. கால்பந்துக் கிளப்புகள் மேட்ச் நாளில் எப்படிக் காசு பார்க்கின்றன என்ற கதையைத் தோண்டிக்கொண்டே போனால், கடைசியில் இந்த வாடகை விஷயத்தில்தான் போய் முட்டுகிறது.

ஒரு கால்பந்துக் கிளப்பின் வரவுக் கணக்கில் மூன்று தலைப்புகள் இருக்கும். டி.வி. உரிமை ஒன்று. ஸ்பான்சர், ஜெர்சி விற்பனை போன்ற வியாபாரம் ஒன்று. மூன்றாவது மேட்ச்டே வருமானம்: டிக்கெட், சீசன் டிக்கெட், பாக்ஸ், சாப்பாடு, பார்க்கிங் எல்லாம் சேர்ந்தது. முதல் இரண்டும் பின்னால் வந்தவை. மூன்றாவதுதான் ஆதி. நம்ம ஊர் பாஷையில் கேட் கலெக்ஷன்.

கேட் கலெக்ஷன் வேண்டுமானால் முதலில் கேட் வேண்டும். கேட் வேண்டுமானால் சுவர் வேண்டும். திறந்த மைதானத்தில் எவ்வளவு பெரிய ஆட்டம் நடந்தாலும் தொப்பியை நீட்டித்தான் காசு வாங்க முடியும், போடுகிறவன் போடுவான். தெருக்கூத்துக்கும் சினிமாக் கொட்டகைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக் கிளப்புகள் மைதானத்தைச் சுற்றி வேலி போட ஆரம்பித்தபோது கால்பந்து வியாபாரமானது. 1885-ல் பிரஸ்டன் கிளப்பில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, இலவசம். ஒரே மேட்ச்சுக்கு இரண்டாயிரம் பெண்கள் வந்து நின்றார்கள். அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இலவசத்தை ரத்து செய்துவிட்டார்கள்!

1888-ல் பன்னிரண்டு கிளப்புகளோடு ஃபுட்பால் லீக் தொடங்கியது. 1890-ல் குறைந்தபட்ச நுழைவுக் கட்டணம் ஆறு பென்ஸ் என்று லீக்கே நிர்ணயித்தது. அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. அப்படி இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்து ஊர்க் கிளப்புகள் விலையைக் குறைத்துக் குறைத்து ஒன்றையொன்று கவிழ்த்துவிடும். காமர்ஸ் பாடத்தில் கார்ட்டெல் என்று படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்தக் காலகட்டத்தில்தான் லிவர்பூல் நகரத்தில் ஒரு தகராறு நடந்தது. மேட்ச்டே வருமானத்தின் மொத்த ரகசியமும் அதற்குள் இருக்கிறது.

ஆன்ஃபீல்டு என்றால் லிவர்பூல் கிளப் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 1884 முதல் 1892 வரை அங்கே ஆடியது அவர்களுடைய பரம எதிரியான எவர்ட்டன். எவர்ட்டனின் தலைவர் ஜான் ஹோல்டிங். தொழில் பீர் காய்ச்சுவது. மைதானத்துக்குப் பக்கத்திலேயே சாண்டன் ஹோட்டல் அவருடையது, ஆட்டக்காரர்கள் ஜெர்சி மாற்றுவதே அங்கேதான். ஆக கிளப்பின் தலைவரும் அவரே, வீட்டுக்காரரும் அவரே, கடைக்காரரும் அவரே! ஆரம்பத்தில் வருஷத்துக்கு 100 பவுண்ட் வாடகை. கூட்டம் பெருகப் பெருக வாடகையும் ஏறி 250 பவுண்டாக நின்றது. மைதானத்துக்குள் தின்பண்டமும் குடிபானமும் விற்கிற உரிமையும் தனக்கே வேண்டும் என்றார். (இன்றைக்கு ஹாஸ்பிடாலிட்டி என்று கோட் போட்டுச் சொல்லுகிற சமாச்சாரத்தின் பூர்வீகம் இந்தத் தின்பண்டக் கடைதான்.)

1890-91-ல் எவர்ட்டன் லீக் சாம்பியன். சாம்பியனானதன் லாபம் வீட்டுக்காரருக்குப் போகிறது என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். 1892-ல் மூட்டை கட்டிக்கொண்டு, ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம் இடம் பிடித்துச் சொந்தமாக மைதானம் கட்டிக்கொண்டார்கள். அதுதான் குடிசன் பார்க். ஹோல்டிங்கிடம் மைதானம் இருந்தது, ஆட ஆள் இல்லை. அவர் என்ன செய்தார்? புதிதாக ஒரு கிளப்பையே ஆரம்பித்தார். அதன் பெயர் லிவர்பூல் எஃப்.சி.!

லண்டனில் இதே கதை இன்னும் பச்சையாக நடந்தது. கஸ் மியர்ஸ் என்ற தொழிலதிபர் 1904-ல் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தை வாங்கினார். பக்கத்திலிருந்த ஃபுல்ஹாம் கிளப்பை வாடகைக்கு வரச் சொன்னார். வாடகை கட்டுப்படியாகாது என்று அவர்கள் வரவில்லை. அப்படியானால் நானே கிளப் வைத்துக்கொள்கிறேன் என்று 1905-ல் உண்டாக்கியதுதான் செல்சி. கிளப்புக்காக மைதானம் கட்டுவது உலக வழக்கம். மைதானத்துக்காகக் கிளப் கட்டிய வழக்கமும் இருக்கிறது, அவை இரண்டும் இன்று உலகப் பணக்காரக் கிளப்புகள்.

சரி, அதே காலத்தில் இந்தியாவில் என்ன நடந்தது? 1911 ஜூலை 29, கல்கத்தா. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான், பூட்ஸ் போட்ட ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட்டை 2-1 என்று வென்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த நாளின் கேட் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆட்டம் நடந்தது வெள்ளைக்காரர்களின் கல்கத்தா கிளப் மைதானத்தில். ஒரு பக்கம் கிளப் உறுப்பினர்களுக்கு, இன்னொரு பக்கம் டிக்கெட் வாங்கினவர்களுக்கு. மற்றவர்கள் கிடைத்த இடத்தில் நிற்க வேண்டியதுதான். இரண்டு ரூபாய் டிக்கெட் பிளாக்கில் பதினைந்து ரூபாய்க்குப் போனது. 1911-ல் பதினைந்து ரூபாய்! ஆட்டம் பார்க்க ஊர் ஊராக ஜனங்கள் வந்து குவிந்தார்கள், ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர் என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆட்டமே தெரியவில்லை. ஸ்கோரைச் சொல்வதற்குப் பட்டம் பறக்கவிட்டார்கள். பட்டத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போனவர்கள்தான் அதிகம்.

இரண்டு ரூபாய்க்கும் பதினைந்து ரூபாய்க்கும் நடுவிலுள்ள பதிமூன்று ரூபாய் யாருக்குப் போனது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆடிய பதினோரு பேருக்கோ, கிளப்புக்கோ போகவில்லை. பிளாக்கில் விற்றவனுக்குப் போனது. ஜனங்கள் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்று அந்தத் தெருவோர வியாபாரிக்குத் தெரிந்திருந்தது, டிக்கெட் அச்சடித்தவர்களுக்குத் தெரியவில்லை. ஐம்பது வருஷம் கழித்து இங்கிலாந்துக் கிளப்புகள் கண்டுபிடித்ததும் இதைத்தான்.

கல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்குச் சொந்த மைதானம் உண்டா என்றால், உண்டு, இல்லை என்று இரண்டு பதிலும் சொல்லலாம். மைதான் என்கிற அந்த வெட்டவெளி ராணுவத்தின் நிலம். நிரந்தரக் கட்டடம் கட்ட முடியாது. அதனால்தான் நூறு வருஷக் கிளப்புகளின் ஆபீசுக்கும் அங்கே 'டெண்ட்' என்றே பெயர். பெரிய ஆட்டங்கள் ஈடன் கார்டனுக்குப் போயின. அது கிரிக்கெட் மைதானம். 1980 ஆகஸ்ட் 16 அன்று அங்கே மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது கேலரியில் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். 1984-ல் சால்ட் லேக் ஸ்டேடியம் திறக்கப்பட்டது. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இதே இரண்டு கிளப்புகளும் மோத, 1,31,781 பேர் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடித்தார், ஈஸ்ட் பெங்கால் 4-1. உலகத்தில் எந்தக் கிளப்பும் பொறாமைப்படுகிற கூட்டம். ஆனால் ஸ்டேடியம் மாநில அரசுடையது, கோப்பை ஃபெடரேஷனுடையது. ரசிகர்கள் மட்டும்தான் கிளப்புகளுடையவர்கள்.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். அங்கே வெகுகாலம் வரைக்கும் கேட் கலெக்ஷனைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். லீக் மேட்ச் வசூலில் ஒரு பங்கு வந்து ஆடின அணிக்குப் போகும். மான்செஸ்டரில் ஐம்பதாயிரம் பேர் வந்தால், அங்கே போய் ஆடிய சின்ன ஊர்க் கிளப்புக்கும் கொஞ்சம் அரிசி கிடைக்கும். 1983-ல் இதை எடுத்துவிட்டார்கள். சொந்த மைதானத்து வசூல் முழுக்கச் சொந்தக் கிளப்புக்கே என்று ஆனது. ஸ்டேடியம் பெரிதாக இருக்கிறவன் மேலும் பெரியவன் ஆவான், அவ்வளவுதான். இன்றைக்கு இங்கிலாந்துக் கால்பந்தில் ஏழை பணக்கார வித்தியாசத்துக்கு டி.வி.யைத்தான் எல்லோரும் குறை சொல்லுகிறார்கள். பிரீமியர் லீக் வந்தது 1992-ல். அதற்கு ஒன்பது வருஷம் முன்பே கேட் காசு விஷயத்தில் முடிவெடுத்தாகிவிட்டது.

பாக்ஸ் கதை இதற்கும் முன்னால் தொடங்குகிறது. 1966 உலகக் கோப்பைக்காக மான்செஸ்டர் யுனைடெட் தன் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் புது ஸ்டாண்டு கட்டியது. அதில் தனி அறைகள் வைத்தார்கள், பிரிட்டிஷ் கால்பந்து மைதானங்களில் முதல் தடவையாக. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே மேட்ச் பார்க்கலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் புதுசு எதுவும் கிடையாது. டூரிங் டாக்கீஸ் காலத்திலிருந்தே தரை, பெஞ்ச், சேர் என்று பிரித்து விற்றுப் பழகியவர்கள் நாம். ஒரே படம், ஒரே திரை, இடத்துக்கு இடம் வேறே காசு. பாக்ஸ் அந்தக் கணக்கை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. சேர் டிக்கெட் வாங்குகிறவன் தன் பாக்கெட்டிலிருந்து கொடுக்கிறான். பாக்ஸ் வாங்குவது கம்பெனி, அதுவும் ஒரு மேட்ச்சுக்கு இல்லை, சீசன் முழுக்க. அங்கே விற்கப்படுவது தொண்ணூறு நிமிஷ ஆட்டம் மட்டும் இல்லை. மேட்ச்சுக்கு முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம், சாப்பாடு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கஸ்டமரோடு பேச்சு. அணி தோற்றாலும் கம்பெனிக்கு வந்த வேலை முடிந்துவிடும்.

கணக்குப் பதிவில் இன்னொரு அழகு இருக்கிறது. சீசன் டிக்கெட்டுக்கும் பாக்ஸுக்கும் கோடையிலேயே, ஒரு பந்து கூட உதைபடாதபோதே, பணம் வந்துவிடும். கிளப்பின் பேங்கில் காசு இருக்கும், பேலன்ஸ் ஷீட்டில் அது வருமானப் பக்கம் வராது, கடன் பக்கத்தில் உட்காரும். ரசிகனுக்குக் கிளப் இன்னும் ஆட்டம் காட்ட வேண்டியிருக்கிறது, அதனால் அது கடன். ஒவ்வொரு மேட்ச் முடிய முடியக் கொஞ்சம் கொஞ்சமாக வருமானத்துக்கு மாறும். வட்டியில்லாமல் லட்சக்கணக்கான பேர் கொடுக்கிற கைமாற்று என்று சொன்னாலும் தப்பில்லை.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. நின்று பார்க்கிற மலிவு டிக்கெட் பகுதியில், இரும்பு வேலிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நசுங்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். முதலில் பழி ரசிகர்கள் மேலேயே போடப்பட்டது. போலீஸ் நிர்வாகத்தின் தவறுதான் காரணம், அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று 2016-ல்தான் ஜூரி சொன்னது. 1990-ல் வந்த டெய்லர் அறிக்கையின்படி, பெரிய கிளப்புகளின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை கட்டாயமானது. நின்றவர்கள் இடத்தில் நாற்காலி போட்டால் இடம் குறையும். இடம் குறைந்தால் விலை ஏறும். பாதுகாப்புக்காகப் போட்ட நாற்காலி, கொஞ்ச நாளில் விலைப்பட்டியலாக மாறியது. டெய்லர் விலையை ஏற்றச் சொல்லவில்லை. நியாயமான விலையில் இருக்கை தர முடியும் என்றுதான் நினைத்தார். கிளப்புகள் அறிக்கையில் பாதியைத்தான் படித்தன போலிருக்கிறது.

பத்து வருஷத்தில் கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. 2000 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் கேப்டன் ராய் கீன், சொந்த மைதானத்தில் சத்தமே இல்லை, வந்திருக்கிறவர்கள் இறால் சாண்ட்விச் சாப்பிடுவதிலேயே குறியாக இருக்கிறார்கள் என்கிற அர்த்தத்தில் பொரிந்து தள்ளினார். கார்ப்பரேட் விருந்தாளிகளுக்கு அன்றிலிருந்து அதுவே பட்டப்பெயர். ஆனால் அந்த இறால் சாண்ட்விச்சில் காசு இருந்தது. ஆர்சனல் கிளப் 2006-ல் 38,000 பேர் கொள்ளும் ஹைபரியை விட்டு 60,000 பேர் கொள்ளும் எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்குப் போனது. இருக்கை ஏறியது ஒன்றரை மடங்குதான். மேட்ச்டே வருமானமோ சுமார் 4 கோடியே 40 லட்சம் பவுண்டிலிருந்து ஒரே வருஷத்தில் 9 கோடிப் பவுண்டாக, அதாவது இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கிளப் லெவல் இருக்கைகள், 150 பாக்ஸ்கள். நடுமாடி சம்பாதித்தது.

ரசிகர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2016-ல் லிவர்பூல் கிளப் 77 பவுண்ட் டிக்கெட் ஒன்றை அறிவித்தது. பிப்ரவரி 6 அன்று சண்டர்லாண்டுடன் மேட்ச், லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தது. சரியாக 77-வது நிமிஷத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். மேட்ச் 2-2 என்று முடிந்தது! சில நாளில் கிளப் அந்த விலையை வாபஸ் வாங்கி மன்னிப்பும் கேட்டது. காலி நாற்காலிக்கு டி.வி.யில் இருக்கிற கெட்ட பெயர், அதன் டிக்கெட் விலையைவிடப் பெரியது.

இப்போது மறுபடியும் பெரியமேடு. நேரு ஸ்டேடியத்தில் இத்தனை கதையில் எது பொருந்துகிறது? ஐ.எஸ்.எல். தொடங்கியபோது கூட்டத்துக்குக் குறைவு இருக்கவில்லை. கொச்சியில் முதல் சீசனிலேயே சராசரியாக ஐம்பதாயிரத்தை ஒட்டிக் கூட்டம். சென்னையிலும் சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்டு புளூஸ் என்று ரசிகர் படைகள் உருவாயின. அணி 2015, 2018 என இரண்டு முறை கோப்பை ஜெயித்தது. நம்ம ஊர் சுபாவத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் நேரு ஸ்டேடியத்தில் ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை இருக்கிறது. தடகளத்துக்கு அது தேவை, குறை சொல்ல முடியாது. ஆனால் கோலுக்கும் கேலரிக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருந்தால் முன்வரிசை டிக்கெட்டுக்கு முன்வரிசை விலை வைக்க முடியாது. வாடகைக்கு இருக்கிற கிளப், சொந்தச் செலவில் ஒரு மாடி நிறைய பாக்ஸ் கட்டாது. நாளைக்கே காலி செய்யச் சொன்னால் கட்டினதைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? எமிரேட்ஸ் போல மேட்ச் இல்லாத நாட்களில் கல்யாண ரிசப்ஷனுக்கும் கம்பெனி மீட்டிங்குக்கும் வாடகை விட முடியாது. ஆக மிஞ்சுவது டிக்கெட் மட்டும். அதுவும் ஒரு சீசனில் பத்துப் பன்னிரண்டு ஹோம் மேட்ச்சுக்கு. டிக்கெட் விலையைக் குறைவாக வைத்தாலும் ரசிகனுக்குச் செலவு குறையாது. மேட்ச் சாயங்காலம் ஏழு, ஏழரைக்குத்தான் ஆரம்பிக்கும். முடிந்து வெளியே வரும்போது ஒன்பதரை. அங்கிருந்து பூந்தமல்லிக்கு இருபது கிலோமீட்டர், வேலை நாளாக இருந்தால் மறுநாள் காலேஜோ வேலையோ. ஒரு டிக்கெட்டின் உண்மையான விலையில் பஸ், சாப்பாடு, தூக்கம் மூன்றும் சேர்த்தி. அந்த மூன்றிலும் கிளப்புக்கு ஒரு பைசா கிடையாது.

சேப்பாக்கத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். அங்கேயும் நிலம் அரசாங்கத்துடையதுதான். ஆனால் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அதை நீண்டகாலக் குத்தகைக்கு வைத்திருக்கிறது, அதனால் கட்டுகிறது, இடிக்கிறது, பாக்ஸ் வைக்கிறது. அதிலும் ஒரு பாடம் உண்டு. 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஐ, ஜே, கே என்ற மூன்று ஸ்டாண்டுகளும் அனுமதித் தகராறால் 2012-லிருந்து வருஷக்கணக்கில் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. டிக்கெட் கிடைக்காமல் வாலாஜா ரோட்டில் ஜனங்கள் ராத்திரியெல்லாம் வரிசையில் நிற்க, உள்ளே சுமார் பன்னிரண்டாயிரம் நாற்காலி சும்மா வெயில் காய்ந்தது. 2023 மார்ச்சில் புது ஸ்டாண்டும் திறந்தது. சொந்தம் கொண்டாடினால் மட்டும் போதாது, காகிதமும் சரியாக இருக்க வேண்டும்.

மைதானம் கையில் இல்லாத கிளப்புக்கு மேட்ச் நாளே கையில் இல்லை. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் மூழ்கடித்தபோது, சென்னையின் எஃப்.சி. அரையிறுதிக்கு வந்திருந்தது. ஹோம் மேட்ச்சைப் புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12 அன்று அங்கே ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று தோற்கடித்து, அடுத்த வாரம் கோவாவில் கோப்பையையும் ஜெயித்தது. ஒரு கிளப்பின் வரலாற்றிலேயே அதிக டிக்கெட் விற்றிருக்க வேண்டிய ராத்திரி அது, வேறு ஊர் கேலரிக்கு முன்னால் நடந்து முடிந்தது. (2018-ல் காவிரிப் போராட்டத்தின்போது சூப்பர் கிங்ஸும் இதே புனேவுக்குத்தான் போனது. அவர்களுக்கு ரசிகர்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஸ்பெஷல் ரயிலே போயிற்று. கால்பந்துக்கு ரயில் விட யாரும் இல்லை.) இதற்கிடையே சென்னை சிட்டி எஃப்.சி. என்ற இன்னொரு கிளப், பெயரில் சென்னையை வைத்துக்கொண்டே கோயம்புத்தூருக்கு மாறி, 2019 மார்ச்சில் அங்கேயே ஐ-லீக் சாம்பியன் ஆனது.

பிறகு கொரோனா. 2020 மார்ச் 14 அன்று ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம், சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும், கோவாவில் ஒரு ரசிகர் கூட இல்லாமல் நடந்தது. 3-1 என்று சென்னை தோற்றது. அடுத்த இரண்டு சீசன்களின் எல்லா ஆட்டமும் கோவாவிலேயே, பெரும்பாலும் பூட்டிய கதவுக்குப் பின்னால். அதே சமயம் மான்செஸ்டர் யுனைடெட்டின் மேட்ச்டே வருமானம், 2018-19-ல் 11 கோடிப் பவுண்டாக இருந்தது, 2020-21-ல் 71 லட்சம் பவுண்டாக விழுந்தது. பல கிளப்புகள் ஆட்டக்காரர் சம்பளத்தைக் குறைக்க வேண்டிவந்தது. இந்தியக் கிளப்புகளும் டிக்கெட் காசை இழந்தன, ஆனால் அந்த அடி அவ்வளவு பலமாகத் தெரியவில்லை. உரிமையாளர் பணமும் ஸ்பான்சர் பணமும்தான் அவற்றை அதற்கு முன்பும் ஓட்டிக்கொண்டிருந்தன. 2025 ஜூலையில் லீக்கை நடத்துகிற கம்பெனிக்கும் ஃபெடரேஷனுக்கும் ஒப்பந்தம் இழுபறியாகித் தொடரே நிறுத்திவைக்கப்பட்டபோது, அந்த இரண்டு பணமும் எவ்வளவு சீக்கிரம் தயங்கும் என்பது தெரிந்தது. அந்த ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. உட்படச் சில கிளப்புகள் வேலையையோ சம்பளத்தையோ நிறுத்திவைத்தன.

அதே 2025 மே மாதத்தில் லிவர்பூல் நகரத்தில் எவர்ட்டனின் ஆண்கள் அணி, 133 வருஷம் ஆடிய குடிசன் பார்க்கில் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு, துறைமுகத்தையொட்டிச் சொந்தமாகக் கட்டிக்கொண்ட ஐம்பத்திரண்டாயிரம் இருக்கை ஸ்டேடியத்துக்குக் கிளம்பியது. பழைய மைதானம் இடம் போதவில்லை, பாக்ஸ் வைக்க வசதியில்லை என்பது பல வருஷப் புலம்பல். ஹோல்டிங்கின் வாடகையிலிருந்து தப்பிப்பதற்காக ஓடி வந்து கட்டிய மைதானம் அது.